கண்ணாடிக்கு மேல் ஒரு கண்ணாடி

கும்பகோணத்தில் எங்கள் தெருமுனையில் சாமி படங்களுக்குச் சட்டம் போடும் கடை ஒன்று இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் அங்கே நின்றுவிடுவேன். கடைக்காரர் பெரிய கண்ணாடிப் பலகையை மேசைமேல் படுக்கவைப்பார். மர அளவுகோலை அதன்மீது அழுத்திப் பிடித்து, வைரமுனை பதித்த சின்னக் கருவியால் ஒரே ஒரு கோடு இழுப்பார். ‘கீர்ர்’ என்று பல் கூசும் சத்தம். கோடு விழுந்திருக்கிறதா என்று கண்ணை இடுக்கித்தான் பார்க்கவேண்டும். பிறகு அந்தக் கோட்டை மேசை விளிம்போடு பொருத்தி, இரண்டு கையாலும் மெல்ல ஓர் அமுக்கு. கண்ணாடி டக்கென்று இரண்டாகப் பிரியும், கோட்டைவிட்டு இம்மியும் விலகாமல். அவர் கீறியதோடு சரி, மீதி வேலையைக் கண்ணாடியே செய்துகொண்டது.

முப்பது வருடம் கழித்து, நியூ ஜெர்ஸியின் எடிசன் நகரத்தில், அந்தக் கடையை அம்மாதான் நினைவுபடுத்தினாள். ஆறு மாதம் எங்களோடு தங்க வந்தவளுக்கு, சீரியல் பார்க்கவும் ஊரில் இருக்கும் சித்தியோடு முகம் பார்த்துப் பேசவும் ஒரு டேப்லெட் வாங்கியிருந்தேன். ஓக் ட்ரீ ரோட்டுக்கு மளிகை வாங்கப் போனபோது, அங்கே ஒரு மொபைல் கடையில் ஸ்கிரீன் கார்டு கேட்டேன். கடைக்காரர் நாலைந்து உறைகளை எடுத்துப் பரப்பினார். கண்ணாடியில் ஒன்று, பிளாஸ்டிக்கில் ஒன்று, காகிதம்போல் சொரசொரப்பாக ஒன்று, நீல ஒளியைத் தடுப்பதாகச் சொல்லும் ஒன்று. கண்ணாடி உறைமேல் ‘9எச்’ என்று கொட்டை எழுத்து.

“இதுவே கண்ணாடிதானேப்பா? கண்ணாடிக்கு மேல எதுக்கு இன்னொரு கண்ணாடி?” என்றாள் அம்மா.

“கீறல் விழாம இருக்கும்மா.”

“விழுந்தா என்ன? நம்ம சட்டக் கடையில மாதிரி உடைஞ்சிருமா?”

இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல எனக்குச் சில வாரங்கள் பிடித்தன. ஏனென்றால் அதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கண்ணாடியில் கீறல் விழுவது ஒரு கதை, உடைவது வேறொரு கதை. கடையில் இரண்டையும் ஒரே உறைக்குள் போட்டு விற்கிறார்கள்.

முதலில் கீறல். எந்தப் பொருள் எதைக் கீறும் என்பதற்கு 1812-ல் ஜெர்மானியக் கனிமவியலாளர் ஃபிரெட்ரிக் மோஸ் ஒரு வரிசை வகுத்தார். ஒன்றிலிருந்து பத்துவரை. மேலே இருப்பது கீழே இருப்பதைக் கீறும், அவ்வளவுதான் விதி. அந்த வரிசையைத் தமிழில் சொன்னால் நம் வீட்டுப் பொருள்களாகவே வருகின்றன. ஒன்றாம் படியில் இருப்பது மாக்கல்லின் மென்மைக்குக் காரணமான டால்க். வத்தக்குழம்பு வைக்கிற கல்சட்டியைக் கடைந்து எடுக்க முடிவது அதனால்தான். ஏழாம் படியில் குவார்ட்ஸ், அதாவது சின்ன வயதில் ஒன்றோடொன்று தட்டித் தீப்பொறி பார்த்த வெங்கச்சங்கல். ஒன்பதில் குருந்தம், அதன் ஆங்கிலப் பெயரே இந்தத் தமிழ்ச் சொல்லிலிருந்து போனதாக அகராதிகள் சொல்கின்றன. பத்தில் வைரம். மனித நகம் இரண்டரை. பித்தளைச் சாவி மூன்று, மூன்றரை. வீட்டுக் கத்தியின் எஃகு ஐந்தரை. டேப்லெட்டின் கண்ணாடி ஏறக்குறைய ஐந்தரைக்கும் ஆறரைக்கும் நடுவில் நிற்கிறது.

ஆகவே சாவிக்கும் சில்லறைக்கும் கண்ணாடி பயப்பட வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது மணலுக்கு. கடற்கரை மணல், ஆற்று மணல், செருப்பில் ஒட்டி வீட்டுக்குள் வரும் மண், எல்லாவற்றிலும் குவார்ட்ஸ் துகள் உண்டு. ஏழு ஆறைக் கீறும். இதில் என்னை நிறுத்தி யோசிக்கவைத்த விஷயம், கண்ணாடியும் அதே மணலிலிருந்துதான் வருகிறது என்பது. நியூ ஜெர்ஸியின் தென்பகுதி மணலை நம்பித்தான் 1739-ல் காஸ்பர் விஸ்டார் என்பவர் சேலம் கவுன்ட்டியில் ஒரு கண்ணாடி ஆலையைத் தொடங்கினார். மணலை உருக்கும்போது, குவார்ட்ஸில் வரிசை பிசகாமல் அடுக்கியிருந்த சிலிக்கானும் ஆக்சிஜனும் ஒழுங்கு கலைந்து உறைகின்றன. எளிதில் உருகுவதற்காகச் சேர்க்கும் சோடியம் அந்தப் பிணைப்புகளில் சிலவற்றை அறுத்தும் விடுகிறது. அதனால் மகன் தாயைவிட மென்மையாகிப் போகிறான். கோடையில் பாயின்ட் ப்ளெசன்ட் கடற்கரைக்குப் போய்விட்டு வந்து, டேப்லெட்டின்மேல் ஒட்டிய மணலைத் துண்டால் அழுத்தித் துடைத்தால், அந்தச் சட்டக் கடைக்காரரின் வேலையைச் சின்ன அளவில் நாமே செய்கிறோம்.

சரி, கீறினால் ஏன் உடைகிறது? ஜவுளிக்கடையில் துணி கிழிப்பதைப் பார்த்திருப்பீர்கள். முழுத்துணியை இழுத்துக் கிழிப்பது பயில்வானாலும் ஆகாது. கத்தரியால் ஓரத்தில் ஒரு வெட்டு கொடுத்துவிட்டால் சின்னப் பையன்கூட ‘சர்ர்’ என்று கிழித்துவிடுவான். இழுவிசை முழுவதும் அந்த வெட்டின் முனையில் வந்து குவிகிறது. கண்ணாடியிலும் இப்படித்தான் நடக்கிறது என்று 1920 வாக்கில் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமான ஆய்வுக்கூடத்தில் இருந்த ஏ. ஏ. கிரிஃபித் காட்டினார். அணுப் பிணைப்புகளின் கணக்கைப் பார்த்தால் கண்ணாடி இரும்பைத் தோற்கடிக்க வேண்டும். நிஜத்தில் அதில் நூறில் ஒரு பங்கு தாங்கினாலே அதிகம். கண்ணுக்குத் தெரியாத நுண்கீறல்கள் அதன் மேற்பரப்பெங்கும் இருப்பதே காரணம் என்றார் அவர். புதிதாக இழுத்த மெல்லிய கண்ணாடி இழைகளில் கீறல் விழ இன்னும் நேரம் கிடைத்திருக்காது. அவை வியக்கத்தக்க வலிமையோடு இருந்தன. உலோகமாக இருந்தால் வெட்டின் முனை கொஞ்சம் நெளிந்து கொடுத்து மழுங்கிவிடும். கண்ணாடிக்கு நெளியத் தெரியாது.

எனவே கண்ணாடியைப் பலப்படுத்த முக்கியமான வழி: கீறல்கள் வாய் திறக்காமல் பார்த்துக்கொள்வது. இதை நம் ஊர்க் கொல்லர்கள் வேறொரு பொருளில் எப்போதோ செய்துவிட்டார்கள். மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை ஏற்றுவதை நினைத்துப் பாருங்கள். சக்கரத்தைவிடச் சற்றுச் சிறிதாகச் செய்த பட்டையைச் சிவக்கக் காய்ச்சி, விரிந்த நிலையில் மாட்டித் தண்ணீர் ஊற்றுவார்கள். பட்டை சுருங்கி மரத்தை நாலாபக்கமும் இறுக்கும். அதன்பிறகு மேடு பள்ளத்தில் எவ்வளவு அடி வாங்கினாலும் மரத்துண்டுகளின் இணைப்பு வாய் பிளக்காது. பிளப்பதற்கு முதலில் அந்த இறுக்கத்தை வென்றாகவேண்டும்.

டேப்லெட் கண்ணாடியில் இந்த இறுக்கத்தைக் கொடுப்பது வெடியுப்பு. பொட்டாசியம் நைட்ரேட்டை ஏறக்குறைய 400 டிகிரி செல்சியஸில் உருக்கி, அந்தக் குளியலில் கண்ணாடியை மணிக்கணக்கில் முக்கி வைக்கிறார்கள். கண்ணாடியின் மேற்பரப்பில் இருக்கும் சோடியம் அயனிகள் வெளியேறுகின்றன. அந்த இடத்தில் பொட்டாசியம் அயனிகள் போய் உட்காருகின்றன. பொட்டாசியம் சோடியத்தைவிட ஆரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெரியது. மெலிந்தவர் எழுந்த இடத்தில் பருத்தவர் உட்கார்ந்தால் வரிசை முழுக்க நெருக்குவதுபோல, கண்ணாடியின் மேல்தோல் இறுகிப்போகிறது. அந்த அழுத்தம், நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப்போல் பல ஆயிரம் மடங்கு. இறுகிய தோலின் ஆழமோ சில பத்து மைக்ரான்கள்தான், தலைமுடித் தடிமனில் ஒரு பாதி என்று வைத்துக்கொள்ளலாம். அதற்குள் நிற்கும் கீறலால் பெரிய ஆபத்து இல்லை. அதையும் தாண்டி உள்ளே இறங்கிய கீறல், அடுத்த அடிக்காகக் காத்திருக்கும் விரிசல்.

அம்மாவின் கேள்விக்குப் பாதிப் பதில் இங்கே இருக்கிறது. சட்டக் கடைக் கண்ணாடிக்குத் தோல் இறுக்கம் கிடையாது. டேப்லெட் கண்ணாடிக்கு உண்டு. ஒரு கீறல் விழுந்ததும் உடையாது. ஆனால் ஆழமான கீறல் விழுந்தபின், முன்பு தாங்கிய வீழ்ச்சியைத் தாங்காமல் போகலாம்.

இந்தக் கண்ணாடி நம் கைக்கு வந்த வரலாற்றில் கலிஃபோர்னியாவின் பே ஏரியாவுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. 2007 ஜனவரி 9 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவின் மாஸ்கோனி மையத்தில் ஸ்டீவ் ஜாப்ஸ் முதல் ஐபோனைத் தூக்கிக் காட்டியபோது அதன் முகப்பு பிளாஸ்டிக். பையில் சாவிக் கொத்தோடு அதை வைத்துப் புழங்கியபோது முகப்பெல்லாம் கீறல் என்று அவர் கோபப்பட்டதாகவும், கண்ணாடிதான் வேண்டும் என்று சில வாரக் கெடு வைத்ததாகவும் நியூயார்க் டைம்ஸ் 2012 ஜனவரியில் எழுதியது. 2007 ஜூன் 18 அன்று முகப்பு கண்ணாடிக்கு மாறிவிட்டதாக ஆப்பிள் அறிவித்தது; ஜூன் 29 அன்று விற்பனை. கண்ணாடி கொடுத்தது நியூயார்க் மாநிலத்துக் கார்னிங் நிறுவனம். வேதிமுறையில் பலப்படுத்திய கண்ணாடியை அவர்கள் 1960-களின் தொடக்கத்திலேயே கெம்கோர் என்ற பெயரில் செய்திருந்தார்கள். சில பந்தயக் கார்களின் ஜன்னலுக்குப் போனதைத் தவிர அதற்குப் பெரிய கிராக்கி இல்லை, கிடப்பில் போட்டுவிட்டார்கள். ஆப்பிளின் குபெர்டினோவிலிருந்து அழைப்பு வந்தபோது, கென்டக்கியின் ஹாரட்ஸ்பர்க் ஆலை இந்தக் கண்ணாடிக்குத் திரும்பியது. கொரில்லா கிளாஸ் என்று நாம் சொல்வது அந்த வம்சம்தான். இப்போது நம் ஊருக்கும் அது வருகிறது: ஶ்ரீபெரும்புதூர் பக்கத்துப் பிள்ளைப்பாக்கத்தில் ஆலை அமைக்க, ஆப்டிமஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 1,003 கோடி ரூபாய் முதலீடு செய்யும் திட்டம் 2024-ல் அறிவிக்கப்பட்டது.

ஜாப்ஸின் சாவிக் கொத்து சொல்லும் பாடத்தை மோஸ் வரிசையில் வைத்துப் பார்த்தால் எல்லாம் பளிச்சென்று தெரியும். சாவி பிளாஸ்டிக்கைக் கீறும், கண்ணாடியைக் கீறாது. அப்படியானால் கண்ணாடிமேல் ஒட்டிய பிளாஸ்டிக் தாளில் விழும் கீறல்களில் பெரும்பாலானவை அடியில் இருக்கும் கண்ணாடியில் விழுந்தே இருக்காது. தாள் கீறலாகிப் போனதைக் காட்டி, ‘பார், எவ்வளவு கீறலிலிருந்து காப்பாற்றியிருக்கிறது’ என்று சொல்ல முடியாது. மணல் போட்ட கோடுகள் சில இருக்கலாம். மீதியெல்லாம் தாளின் மென்மை.

அந்த 9எச் என்பதையும் இங்கே தெளிவாக்கிவிட வேண்டும். அதை மோஸ் வரிசையின் ஒன்பது என்று எண்ணி, குருந்தத்துக்கு நிகரான கண்ணாடி என்று நம்பி வாங்குகிறவர்கள் பலர். அது பென்சிலின் 9எச். பெயின்ட் பூச்சுகளைச் சோதிக்க வந்த முறை: பென்சிலை 45 பாகைக் கோணத்தில் சாய்த்து, 750 கிராம் எடை கொடுத்துப் பரப்பின்மேல் தள்ளுவார்கள். சோதனைக்கான பென்சில்களிலேயே மிகக் கடினமான 9எச் கோடு போடவில்லை என்றால் 9எச் தேர்ச்சி. பென்சிலின் உள்ளே இருப்பது கிராஃபைட்டும் களிமண்ணும். எந்தச் சாதாரண ஜன்னல் கண்ணாடியும் இந்தத் தேர்வில் தேறிவிடும். மணலைப் பற்றி அந்த எண் ஒரு வார்த்தையும் சொல்வதில்லை.

இன்னொன்று: சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் தொடங்கி ஓக் ட்ரீ ரோடுவரை எல்லாரும் ‘டெம்பர்’ என்கிறோமே, அது பழைய கார் கண்ணாடியின் பெயர். சூடாக்கிச் சட்டென்று காற்றூதிக் குளிரவைத்தால் வெளித்தோல் முதலில் இறுகி, உட்புறம் பின்னால் சுருங்கும்போது தோலை நெருக்கும். இதற்குக் கண்ணாடி சில மில்லிமீட்டராவது தடிமன் இருக்கவேண்டும். நாம் ஒட்டுவதோ 0.3 மில்லிமீட்டர் அளவில். அவ்வளவு மெல்லியதில் உள்ளும் புறமும் ஒன்றாகவே குளிர்ந்துவிடும், இறுக்கம் பிறக்காது. நல்ல தயாரிப்பாக இருந்தால் அதுவும் வெடியுப்புக் குளியல் கண்டதாகவே இருக்கும். மட்டமானதாக இருந்தால் வெறும் கண்ணாடி. உறையைப் பார்த்து வித்தியாசம் கண்டுபிடிக்க வழியில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமான விஷயம்.

இனி உடைதல். டாலஸ் பக்கத்து ஃபிரிஸ்கோவில் என் மனைவியின் அண்ணன் இருக்கிறார். எட்டு வயதும் ஐந்து வயதுமாக இரண்டு பிள்ளைகள். இந்தக் கட்டுரைக்காகக் கேட்டபோது அவர் உற்சாகமாகச் சொன்னார்: “மாப்ள, கண்ண மூடிக்கிட்டு ஒட்டுங்க. இங்க மூணு டெம்பர் உடைஞ்சுது, மூணு தடவையும் டேப்லெட் தப்பிச்சிருச்சு.”

கேட்டவுடன் நம்பத் தோன்றும் கணக்கு இது. நாம் எல்லாருமே இப்படித்தான் கணக்குப் போடுகிறோம். ஆனால் மேலே ஒட்டிய கண்ணாடி மெல்லியது, விளிம்பு அவ்வளவு நேர்த்தியாகத் தேய்க்கப்படாதது, கீழே இருப்பதைவிட எளிதில் உடையக்கூடியது. அது உடைந்த அடியில் கீழே இருந்த கண்ணாடியும் உடைந்திருக்கும் என்று எப்படிச் சொல்வது? கூரையிலிருந்து விழுந்த தேங்காய் மண்பானையை உடைத்தது, பக்கத்திலிருந்த ஆட்டுரல் உடையவில்லை என்றால், பானை ஆட்டுரலைக் காப்பாற்றியது என்று சொல்லமாட்டோம். உண்மை தெரியவேண்டுமானால் ஒரே மாதிரி டேப்லெட்டுகளைப் பாதிக்கு ஒட்டியும் பாதிக்கு ஒட்டாமலும் ஒரே உயரத்திலிருந்து போட்டுப் பார்க்கவேண்டும். வீட்டில் செய்கிற காரியமா?

ஆனாலும் விரிசலைப் படிக்க முடியும். “மச்சான், உடைஞ்சதை எறியாம இருந்தா போட்டோ அனுப்புங்க” என்றேன். கடைசி இரண்டை வைத்திருந்தார். அவற்றில் நடுவில் எங்கேயும் குழியோ, அங்கிருந்து நட்சத்திரம்போல் கிளம்பிய கோடுகளோ இல்லை. இரண்டிலும் விரிசல் ஒரே மூலையின் விளிம்பிலிருந்துதான் புறப்பட்டிருந்தது. கல்லோ மேசை முனையோ குத்தியிருந்தால் குத்திய இடம் அடையாளம் காட்டும். விளிம்பிலிருந்து ஓடினால், ஒன்று அந்த விளிம்பில் அடி பட்டிருக்கும், இல்லையென்றால் எதுவோ நெருக்கியிருக்கும். டேப்லெட்டின் உறையைப் பார்க்கச் சொன்னேன். அந்த மூலையில் உறையின் ரப்பர் உதடு மேல்கண்ணாடியின் ஓரத்தை நெம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பிள்ளைகள் அங்கேதான் பிடித்துத் தூக்குவார்களாம். ஒவ்வொரு தூக்கலுக்கும் ஒரு நெம்பு. குறைந்தது அந்த இரண்டையும் உடைத்தது வீழ்ச்சியாக இருந்திருக்காது.

டேப்லெட் உடையும் விதமே போனைப்போல் இல்லை. 480 கிராம் எடையுள்ள ஒரு டேப்லெட் முக்கால் மீட்டர் மேசையிலிருந்து விழுந்தால் ஏறக்குறைய மூன்றரை ஜூல் ஆற்றலோடு தரையைத் தொடும். 170 கிராம் போனுக்கு ஒன்றேகால் ஜூல்தான். பரப்பும் பெரிது, உடம்போ மெல்லிசு. மூலையில் விழுந்தால் அலுமினியச் சட்டம் ஒரு கணம் வளையும், கண்ணாடியும் கூட வளையும். வளைந்த கண்ணாடியின் ஒரு பக்கம் இழுபடும். இழுபடும் பக்கத்தின் விளிம்பில் ஏதாவது நுண்ணிய பழுது இருந்தால் அங்கே வாய் திறக்கும். இந்த வளைவைத் தடுப்பதில் ஸ்கிரீன் கார்டு ஒன்றும் பெரிதாகச் செய்துவிடாது. தகட்டின் விறைப்பு அதன் தடிமனின் மூன்றாம் அடுக்குக்கேற்ப ஏறும். கீழ்க்கண்ணாடி 0.7 மில்லிமீட்டர், மேலே ஒட்டியது 0.3 என்று வைத்துக்கொண்டால், மேலது தன் பங்குக்குக் கொடுக்கும் விறைப்பு கீழதின் எட்டு சதவீதம். நடுவில் இருக்கும் பசையும் மெத்தென்றது, இரண்டையும் ஒரே தகடாக இணைக்காது. மூலையைக் காப்பது உறையின் வேலை. மூலையில் நல்ல பட்டையான ரப்பரும், திரையைவிட ஒரு மில்லிமீட்டராவது உயர்ந்த ஓரமும் உள்ள உறை இல்லாமல், கண்ணாடி மட்டும் ஒட்டியிருப்பது வாசற்கதவைத் திறந்துபோட்டு ஜன்னலுக்குத் தாழ்ப்பாள் போடுவதற்குச் சமம்.

மேல்கண்ணாடி உண்மையாகவே உதவும் விபத்து ஒன்று உண்டு. திரை கீழ்நோக்கியபடி சரளைக்கல்லிலோ தார்ச்சாலையிலோ விழுவது. அங்கே கூர்மையான கல்முனை தோல் இறுக்கத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே இறங்கும். மேலே ஒரு தியாகக் கண்ணாடி இருந்தால் அந்தத் துளை அதில் விழும், விசையும் கொஞ்சம் பரவும். மச்சானின் பிள்ளைகள் டேப்லெட்டை விளையாட்டுத் திடலுக்கும் கால்வெஸ்டன் கடற்கரைக்கும் எடுத்துப் போகிறவர்கள். டெக்சாஸில் இன்னொரு கூத்தும் நடக்கிறது: கோடையில் சஹாரா பாலைவனத்தின் தூசி அட்லாண்டிக் கடலைத் தாண்டி அங்கே வந்து படிகிறது. ஆப்பிரிக்காவின் குவார்ட்ஸ் கார் கண்ணாடியிலும் டேப்லெட்டிலும் உட்காருகிறது. அவர்களுக்கு நான் சொன்னது: உறையை மாற்றுங்கள், அதன் உதட்டுக்கு உள்ளே அடங்கும் அளவில் கண்ணாடி ஒட்டுங்கள், கீறலானால் கழற்றி எறியுங்கள்.

குருந்தத்தையே திரையாக்கினால் என்ன என்று கேட்கலாம். முயன்றார்கள். செயற்கை நீலக்கல் என்பது குருந்தம்தான். ஆப்பிளுக்காக அரிசோனாவின் மேசா நகரில் பெரும் உலைகளோடு இறங்கிய ஜிடி அட்வான்ஸ்டு நிறுவனம் 2014 அக்டோபரில் திவாலானது. கேமரா வில்லையின் மூடிக்கு அது சரிப்பட்டது. பெரிய திரைக்கு விலை, எடை, அதோடு ஒளியைக் கண்ணாடியைவிட இரண்டு மடங்கு அளவில் திருப்பி அடிக்கும் குணம், எல்லாம் சேர்ந்து தடுத்தன.

ஒளியைத் திருப்பி அடிப்பது பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். ஸ்கிரீன் கார்டு ஒட்டாமல் இருப்பதற்கான வலுவான காரணம் அதுதான். கடையில் யாரும் அதைச் சொல்வதில்லை. வெறும் கண்ணாடிப் பரப்பு, தன்மேல் படும் ஒளியில் ஏறக்குறைய நான்கு சதவீதத்தைப் பிரதிபலிக்கும். 2014-ல் வந்த ஐபேட் ஏர் 2 தொடங்கி, விலை கூடிய ஐபேடுகளில் அதைக் குறைக்கும் மெல்லிய பூச்சு உண்டு. ஐபேட் புரோவில் 1.8 சதவீதம் என்கிறது ஆப்பிள். அதன்மேல் பூச்சில்லாத ஸ்கிரீன் கார்டை ஒட்டிய மறுகணம், காற்றைத் தொடும் பரப்பு ஒட்டியதாகிவிடுகிறது. மறுபடி நான்கு சதவீதம். கூடுதல் பணம் கொடுத்து வாங்கிய பூச்சு பசைக்கு அடியில் உபயோகமில்லாமல் கிடக்கும். ஜன்னலோரம் உட்கார்ந்து படிக்கிறவர் திரையில் தன் முகத்தைப் பார்க்கத் தொடங்குவார்.

கலிஃபோர்னியாவின் ஃப்ரிமான்ட்டில் இருக்கும் தோழி ஒருத்தி டேப்லெட்டில் குழந்தைகள் கதைகளுக்குப் படம் வரைகிறாள். அவளுடைய கணக்கே வேறு. “கண்ணாடிமேல பென்சில் வழுக்கிட்டு ஓடுது, கோடு என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது” என்றாள். அவள் ஒட்டியிருப்பது சொரசொரப்பான தாள். அதன் நுண்மேடுகள் டிஜிட்டல் பென்சிலின் முனைக்கு உராய்வு கொடுக்கின்றன. அந்த மேடுகளே பிக்சல்களின் ஒளியைச் சிதறடிக்கவும் செய்கின்றன. வெள்ளைப் பின்னணியில் மணல் தூவியதுபோல் ஒரு மினுமினுப்பு தெரியும். பென்சில் முனையும் சீக்கிரம் தேய்கிறது, அடிக்கடி மாற்றுகிறாள். வரைகிறவளுக்கு அந்த விலை நியாயமானது. படம் பார்க்க மட்டும் டேப்லெட் வைத்திருக்கிறவருக்கு அது வீண்.

நீல ஒளித் தடுப்பு பற்றி ஒரு வரி போதும்: திரைகளின் நீல ஒளி கண்ணைக் கெடுக்கிறது என்பதற்கு ஆதாரமில்லை என்று சான் ஃபிரான்சிஸ்கோவைத் தலைமையிடமாகக் கொண்ட அமெரிக்கக் கண் மருத்துவ அகாதமி சொல்கிறது. அதற்காகக் காசு கொடுக்காதீர்கள்.

வாங்குமுன் இன்னொன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. உங்கள் டேப்லெட்டில் வெளிக்கண்ணாடியும் உள்ளே படம் காட்டும் தகடும் ஒன்றாக ஒட்டப்பட்டவையா, தனித்தனியா? 2025-ல் வந்த அடிப்படை ஐபேடில்கூட அவை தனித்தனிதான், நடுவில் காற்று. வெளிக்கண்ணாடி உடைந்தால் அதை மட்டும் மாற்றலாம். ஒட்டிய வகையில் மொத்தத் திரையும் போகும். கேட்கும் கூலியும் அப்படியே ஏறும். கலிஃபோர்னியாவில் 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பழுதுபார்க்கும் உரிமைச் சட்டம், உதிரிப் பாகங்களையும் கையேடுகளையும் உற்பத்தியாளர்கள் கொடுக்கவேண்டும் என்கிறது. திரையை மாற்றுவது கைக்கு எட்டும் காரியமானால் ஸ்கிரீன் கார்டைப் பற்றிய பதற்றமே பாதியாகக் குறையும். இந்தச் சட்டம் எல்லா மாநிலங்களுக்கும் வரவேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

எங்கள் வீட்டில் என்ன முடிவானது? என் டேப்லெட்டில் பூச்சு உண்டு, மேசையைவிட்டு அது நகர்வதும் இல்லை. எதுவும் ஒட்டவில்லை. அம்மாவுடையது அடிப்படை மாடல், பூச்சு இல்லை, ஒட்டுவதால் கெடுவதற்கு ஒன்றுமில்லை. அது சமையலறை மேடையில் சாய்ந்து நிற்கும். கோலப்பொடி டப்பாவின் பக்கத்தில். அரிசி மாவுக் கோலம் என்றால் பயமில்லை. அவள் ஊரிலிருந்து கொண்டுவந்தது கல்லை அரைத்த பொடி. சுண்ணாம்புக்கல் என்றால் மூன்று, வெங்கச்சங்கல் என்றால் ஏழு. எந்தக் கல் என்று பொட்டலத்தில் போடவில்லை. அதோடு அம்மா திரையைப் புடவைத் தலைப்பால் அழுத்தித் துடைக்கிறவள். பித்தளைக் குடத்தை உமிக்கரி போட்டுத் தேய்த்த கை அது. நெல் மண்ணிலிருந்து உறிஞ்சிய சிலிக்காதான் உமிச்சாம்பலில் மிஞ்சுகிறது. குடம் பளபளத்ததே அந்த நுண்ணிய கீறல்களால்தான். அந்தக் கைப்பழக்கத்தை இனி மாற்ற முடியாது. ஓரம் உயர்ந்த ஓர் உறையும், பிளாஸ்டிக் தாள் ஒன்றும் வாங்கினேன். கண்ணாடி வேண்டாம் என்றதற்குக் காரணம், விரிசல் விட்டால் அவள் விரலைக் கிழிக்கும். தொடுகைக்கும் குறையில்லை; திரையின் மின்புலம் அவ்வளவு மெல்லிய தாளை எளிதில் தாண்டி விரலை எட்டிவிடும்.

“தொடைக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஊதிடும்மா” என்றேன். அரிசி புடைக்கும்போது உமியை ஊதுவாளே, அப்படி உதட்டைக் குவித்து ஊதினாள். அதன்பின் ஒவ்வொரு முறையும் ஊதினாள்.

ஆறு மாதம் முடிந்து அவள் கிளம்புமுன் அந்தத் தாளை உரித்து எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தோம். வலப்பக்கம் மேலிருந்து கீழாக, அவள் கை வீசும் வளைவிலேயே, நூற்றுக்கணக்கான மெல்லிய கோடுகள். நடுவில் மூன்று கோடுகள் மட்டும் நகத்துக்குத் தட்டுப்பட்டன. அடியில் கண்ணாடி புதிதுபோலவே இருந்தது.

“அப்போ இது காப்பாத்துச்சா, இல்லையா?”

“இந்த மூணைச் சொல்லலாம்மா. மத்ததெல்லாம் கண்ணாடியில விழுந்திருக்குமான்னு தெரியாது.”

அவள் அந்தத் தாளைக் கொஞ்ச நேரம் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். புதுத் தாள் ஒன்றை ஒட்டி, உறையை மாட்டி, டேப்லெட்டை அவள் பெட்டியில் புடவைகளுக்கு நடுவில் வைத்தேன். கோலப்பொடியின் மிச்சத்தை வேறு பெட்டியில் வைக்கச் சொன்னாள்.